சிவப்பு மிசினின் நாடி

அளவை நிறுவைப் பரிசோதகர்களின் கையேட்டில் ஒரு விதி உண்டு. பிறருடைய பொருளை அளப்பதற்கு முன், அளக்கும் கருவியை அளவு தெரிந்த ஒன்றின்மேல் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் துணைவிதி இன்னும் அழகானது: பழுதுபார்த்த கருவியைப் பழுதுபார்த்தவரின் வாய்ச்சொல்லை நம்பி மறுபடி பாவனைக்கு விடக்கூடாது.

உத்தியோக காலம் முழுவதும் சந்தை சந்தையாகத் திரிந்து தராசுகளுக்கு முத்திரை குத்திய எனக்கு இவை இரண்டும் மனப்பாடம். என்னோடு ஓய்வு பெற்ற உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பென்சன் எடுத்த பிறகு விதிகளால் ஒரு பயனும் இல்லை, ஆனாலும் அவை மண்டையை விட்டுப் போவதில்லை. எனக்கு இந்த விதி நினைவில் வரும்போதெல்லாம் சந்தை வருவதில்லை. விசுவமடுவில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றடிதான் வருகிறது. காலம் எழுபதுகளின் கடைசி. அளக்கப்பட்டது எங்கள் தண்ணீர் மிசின். அந்த அளவில் தொங்கிக்கொண்டிருந்தது அக்காவின் கலியாணம்.

மிசின் என்றால் இறைப்பு மிசின். பெற்றோலில் எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. முன்னால் சில்லு என்ற சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அதில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுவையாக இழுக்க வேண்டும். கயிற்றின் ஒரு முனையில் முடிச்சு, மறுமுனையில் அப்பா பாலை மரத்தில் சீவிய கைபிடி. அக்காவின் உள்ளங்கையில் அந்தக் கைபிடியின் அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது. அவளுடைய தலைமயிரிலும், சட்டையிலும், அவள் பிசைந்து தரும் சோற்றிலும்கூட மண்ணெண்ணெய் மணக்கும்.

எங்களுடையது சிவப்பு. வேலிக்கு அந்தப்பக்கம் சின்னம்மாவுடையது நீலம். சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கச்சி. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காணி கிடைத்தது, ஒரே அளவு காணி. அதனால் வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் அளந்துகொண்டிருக்க வசதியாகப் போயிற்று.

மிசின் வந்து இறங்கிய அன்றே அம்மா சொல்லிவிட்டார்: "இது மூத்தவளுக்கு. சீதனத்தோட போகும்."

"எனக்கு?" என்று கேட்டேன்.

"உனக்குப் படிப்பு."

படிப்புக்குச் சிவப்பு நிறமில்லை. கைபிடியும் இல்லை. இழுத்தால் ஊர் கேட்கச் சத்தம் போடாது. பள்ளிக்கூடத்தால் வந்து வேலியோரம் நிற்பேன். அக்கா ஒரே இழுவையில் மிசினை எழுப்பிவிட்டு, மண்வெட்டியால் வாய்க்காலை மறித்துப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவாள். நான் தொட்டால் அம்மா கத்துவார். "விடடி, அது அக்கான்ர." அந்த ஒரு சொல் எனக்குப் பல வருடம் செரிக்கவில்லை.

தருமபுரத்துக் கூட்டுறவுச் சங்கத்து மெக்கானிக் ஒருநாள் கழுத்தில் ஒரு சாமானைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். வட்டமான கண்ணாடி, உள்ளே ஊசி, கீழே ஒரு றப்பர்க் குழாய், குழாயின் நுனியில் பித்தளைப் புரி. கொம்பிரசன் ரெஸ்ரர் என்று பெயர் சொன்னார். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் பித்தளைப் புரியைப் பூட்டி, கயிற்றை நாலைந்து தரம் இழுத்தால், மிசினின் நெஞ்சுக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்பதை ஊசி ஏறிக் காட்டும். பிறகு பக்கத்துப் பொத்தானை அமத்தினால் 'புஸ்' என்று மூச்சு விட்டு ஊசி இறங்கும். அந்தப் 'புஸ்'ஸைக் கேட்கவே சிறுவர் கூட்டம் அவர் பின்னால் திரிந்தது.

டொக்டரைப்போல அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்ததால் ஊர் அதற்கு 'நாடி' என்று பெயர் வைத்தது. "உங்கட மிசினுக்கு நாடி பாத்தாச்சோ?" "எவ்வளவு காட்டினது?" பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளை விசாரிப்பது போல விசாரித்தார்கள். முதல் தரம் பார்த்தபோது எங்கள் சிவப்பு தொண்ணூறு. சின்னம்மாவின் நீலம் எண்பத்தைந்து. அந்த ஐந்தை வைத்துக்கொண்டு அம்மா பல வாரம் சீவித்தார். சின்னம்மா உப்புக் கேட்டு வந்தாலும் பேச்சு எப்படியோ தொண்ணூறில் போய் முடியும்.

"எங்கட மிசின் தண்ணியை நல்லா எறியுதுதானே, அது காணும்" என்பார் சின்னம்மா.

"எறியும், எறியும். ஆனா நாடி எண்டு ஒண்டு கிடக்கெல்லே" என்பார் அம்மா.

அந்தக் கோடையில் தரகர் நெடுங்கேணியிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குத் தோட்டம், ஒரு தங்கச்சி, கெட்ட பழக்கம் இல்லை. பொருத்தம் பார்த்தார்கள், பொருந்தியது. மாப்பிள்ளையின் தகப்பன் கவனமான மனிதர். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர். சீதனத்தில் மிசின் என்றதும் கேட்டார்: "நாடி பாத்ததோ?"

"தொண்ணூறு" என்றார் அம்மா, மூச்சு விடாமல்.

"நல்லது. எங்களுக்கு முன்னாலயும் ஒருக்காப் பாப்பம்."

அதற்குச் சில நாள் முன்னர்தான் ரெஸ்ரர் பழுதாகியிருந்தது. ஊசி ஏறும், ஆனால் நிற்காது. இழுவைக்கு இழுவை ஏறி விழுந்து ஏறி விழும். அதன் நுனியில் சைக்கிள் ரியூப்பில் இருப்பது போன்ற சின்ன வால்வு, எங்கள் வாயில் 'வால்', ஒன்று இருக்கிறது. உள்ளே போன காற்றைத் திரும்பி வரவிடாமல் அதுதான் பிடிக்கிறது. அது காற்றை விடத் தொடங்கிவிட்டது. மெக்கானிக் அதைக் கழற்றி வீசிவிட்டு வேறொரு வால் போட்டார். ஊசி ஏறியது, ஏறிய இடத்தில் அசையாமல் நின்றது. "இனிக் குண்டு வைச்சாலும் விழாது" என்றார். விழவில்லை என்றால் சரி என்பது அவருடைய முடிவு. துணைவிதியை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று கிணற்றடியைக் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. மிசினை அக்கா முதல்நாளே துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவியிருந்தாள். தன் தலைக்குக்கூட அவள் அவ்வளவு எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை. அவள் குசினி யன்னலுக்குள், நான் அவளுக்குப் பக்கத்தில். வேலிக்கு மேலால் சின்னம்மாவின் தலை. கீரை ஆய வந்த தலை அது. அந்த வேலியில் கீரை என்று எதுவுமே இல்லை.

மெக்கானிக் பூட்டினார். "நான் இழுக்கிறன்" என்று மாப்பிள்ளை முன்னுக்கு வந்தார். கயிற்றைச் சில்லில் சுற்றி இழுத்தார். திரும்பச் சுற்றி இழுத்தார். ஊசி ஏறி, அசையாமல் நின்றது.

அறுபது.

"இன்னொருக்கா இழும்" என்றார் அப்பா.

அறுபதுதான். மெக்கானிக் பொத்தானை அமத்தினார். 'புஸ்.' அன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. என் வயிற்றுக்குள் மட்டும் ஒரு சின்னக் குளிர்ச்சி. அக்காவுக்குக் கொடுத்த பெரிய சாமான் அவ்வளவு பெரிய சாமான் இல்லையாம்.

"பிஸ்டன் றிங் தேஞ்சிட்டுது போல" என்றார் மெக்கானிக்.

மாப்பிள்ளையின் தகப்பன் பலகாரத்தில் ஒன்றை எடுத்துப் பாதி கடித்து, மீதியைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பினார். "அப்ப நாங்கள் மறுமொழி சொல்லி அனுப்பிறம்."

எங்கள் பகுதியில் இந்த வசனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. இரண்டாவது அர்த்தமும் 'இல்லை' என்பதுதான்.

அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் மெல்லக் கேட்டாள். "அவர் கயிறு சுத்தேக்க முடிச்சைப் பெருவிரலால அமத்திப் பிடிச்சவர், பாத்தனியோ?"

"அதுக்கென்ன?"

"அப்பா அப்பிடிப் பிடிக்கிறேல்ல. மெக்கானிக்கும் பிடிக்கிறேல்ல. நான்தான் அப்பிடிப் பிடிக்கிறனான்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து படலை வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அவள் கை தன்பாட்டில் தலையைக் கோதும்.

அப்பா மிசினைக் கழற்றினார். சாக்கை விரித்து, ஹெட், பிஸ்டன், றிங் என்று உறுப்பு உறுப்பாகப் பரப்பி, மெக்கானிக் சொன்னபடி புது றிங் போட்டு, திரும்பவும் பூட்டினார். மெக்கானிக் வந்து நாடி பார்த்தார். அறுபத்திரண்டு. இதற்கிடையில் மிசின் என்ன செய்தது என்று கேட்பீர்கள். வழமைபோலத் தோட்டத்தின் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் எறிந்தது. மிளகாய்க் கன்றுகளுக்கு நாடி பார்க்கத் தெரியாதபடியால் அவை பச்சையாகவே நின்றன. தண்ணீரை ஒருவரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஊசி சொன்னால் சொன்னதுதான்.

அம்மா வேறொரு முடிவுக்கு வந்தார். கண்ணூறு; ஆரோ கண் வைத்துவிட்டார்கள்.

செத்தல் மிளகாய், உப்பு, படலையடி மண் எல்லாவற்றையும் கையில் பொத்திக்கொண்டு மிசினை வலமும் இடமும் சுற்றினார்.

"இஞ்சேர், பெற்றோல் கிடக்கு. நெருப்பை இஞ்ச கொண்டுவராதை" என்றார் அப்பா.

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

குசினி அடுப்பில் போட்டார். கண்ணூறு பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பது நடைமுறை. போட்டது எங்கள் சொந்தத் தோட்டத்து மிளகாய். அப்பா இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார், அக்காவின் கண்ணால் தண்ணீர் வடிந்தது, நான் கிணற்றடி வரை போய் நின்று இருமினேன். அம்மா மட்டும், சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, தொண்டை கம்மச் சொன்னார்: "பாத்தியளே, ஒரு துளி நெடி இல்லை."

என் சேவைக்காலத்தில் எத்தனையோ கள்ளத் தராசு பிடித்திருக்கிறேன். அந்த அடுப்பைப் போல ஒன்றை நான் காணவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய அடி. சின்னம்மா மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் நீலத்துக்கு நாடி பார்த்தார். பார்த்த பின் வேலிக்கு மேலால், கேட்காமலே அறிவித்தார்: "எங்கட தொண்ணூறாம், அக்கா."

சின்னம்மாவுக்கும் கலியாண வயதில் ஒரு மகள் இருந்தாள். இரண்டு நாள் கழித்து, தரகரின் சைக்கிள் சின்னம்மாவின் படலைக்குள் போனதை நானே கண்டேன். தேத்தண்ணி குடிக்கப் போனாராம். எங்கள் வீட்டில் தேத்தண்ணி இல்லையா?

அக்கா அன்றைக்குத் தண்ணீர் மாற மறந்து நின்றாள். ஒரு பாத்தி நிரம்பி வழிந்து வாய்க்காலை உடைத்தது. அம்மா அவளைப் பேசவில்லை. நேராக வேலிக்குப் போனார்.

"எடியே, உன்ர கூடப்பிறந்தவளின்ர பிள்ளைதானே. அந்தப் பிள்ளையின்ர வாழ்வில கண் வைக்க உனக்கு மனம் வந்ததே?"

"ஆர் கண் வைச்சது?"

"ஊருக்குள்ள ஆருக்கு எரியுதோ அவை."

"எனக்கேன் எரியோணும்? எனக்குத்தான் தொண்ணூறெல்லே."

"எங்கட இறங்கினால்தானே உன்ர ஏறும். உன்ர கண்ணை இரும்பே தாங்கேல்ல. குழந்தையள் எப்பிடித் தாங்கும்?"

இந்தக் கடைசி வசனம் சின்னம்மாவின் பொறுமையை முறித்தது. கையிலிருந்த ஓலையை எறிந்துவிட்டு வேலிக்கு வந்தார்.

"சரி. என்ர கண்ணாலதான் உங்கட மிசின் இறங்கினது. அப்ப என்ர மிசின் ஆற்ற கண்ணால இறங்கினது? அம்பத்தெட்டுக் காட்டுது. அம்பத்தெட்டு. அது ஆற்ற கண், உங்கட கண்தானே?"

அம்மா வேலிக்கு இன்னும் கிட்ட வந்தார்.

"அம்பத்தெட்டோ?" என்று அம்மா கேட்டார். பல வாரமாகக் காணாத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில். "மெய்யே?"

"ஓம்."

"எங்கட அறுபத்திரண்டு" என்றார் அம்மா. அந்த நான்கை விட்டுக்கொடுக்க அந்த நேரத்திலும் அவருக்கு மனம் வரவில்லை.

ஒழுங்கையால் போன முன்வளவுக்காரர் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றினார். சண்டையைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். "எங்கடயும் அறுபதுக்குக் கீழதான், பிள்ளையள். வெளியில சொல்லிப்போடாதேங்கோ. தோட்டத்தை விக்கப் போறன் எண்டு கதை கட்டிவிடுவாங்கள்."

இப்போது யோசித்தால் இதுதான் விசயம். அந்தக் கோடையில் நாடி பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் ஊசி இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு வீடும் தன்னுடையது மட்டும் இறங்கிவிட்டது, மற்றவன் தொண்ணூறில் நிற்கிறான் என்று நம்பி வாயை மூடிக்கொண்டு வெந்திருக்கிறது. நாலு வீட்டுக்காரர் நேர்மையாக வாய் திறந்திருந்தால் பழுது கருவியில் என்று ஒரு பொழுதில் தெரிந்திருக்கும். பொறாமை அதை மறைத்தது. கடைசியில் அதை வெளியே இழுத்ததும் பொறாமைதான். மறைத்தவர்களில் படித்தவர், படியாதவர் என்ற பேதம் இருக்கவில்லை.

அம்மாவும் சின்னம்மாவும் அன்றைக்கே சங்கத்துக்கு நடந்தார்கள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரே குடைக்குள். நானும் அக்காவும் பின்னால். சங்கத்துக் களஞ்சியத்தில் அன்று காலைதான் பெட்டி உடைத்த புது மிசின் ஒன்று நின்றது. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் தனக்கென்று பதிந்து வைத்தது. பச்சை நிறம். சின்னம்மாவின் கண் அதில் போய் நின்றது.

"இதுக்கும் நாடி பாரும்" என்றார் மெக்கானிக்கிடம்.

"புது மிசினுக்கு என்னத்துக்கு?"

"ஏன், வாத்தியாற்ற எண்டாப்போலப் பாக்கக்கூடாதோ? எங்கட மிசினுக்கு மட்டும் பாப்பீர், ஊர் முழுக்கச் சிரிக்கவைப்பீர். அவருக்கு மட்டும் என்ன மரியாதை?"

அளவு தெரிந்த ஒன்றின்மேல் கருவியை வைத்துப் பார்க்கும் விதி, எங்கள் ஊரில் முதன்முதலாக இப்படித்தான் அமுலுக்கு வந்தது. வாத்தியாருக்கும் குறைய வேண்டும் என்ற ஒரே நல்ல நோக்கத்தோடு.

அறுபத்தொன்று.

மெக்கானிக் ரெஸ்ரரைத் தட்டினார். கருவி பிழைத்தால் தட்டுவது உலகப் பொது நடைமுறை. எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை, எல்லோருக்கும் தெரியும். திரும்ப இழுத்தார். அறுபத்தொன்று.

சங்கத்துக் காரியதரிசி மேசையிலிருந்து எழும்பி வந்தார். "நீர் அண்டைக்கு இதில என்ன மாத்தினனீர்?"

"வால்."

"வால் எங்கால எடுத்தது?"

மெக்கானிக் ரெஸ்ரரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "லொறி ரியூப்பில."

கழற்றி வைத்தார்கள். அவர் வீசியதாகச் சொன்ன பழைய வால், வாசர்கள் போட்டு வைக்கும் தகரப் பேணிக்குள் கிடந்தது. நல்ல வேளையாக அவர் எதையும் சரியாக வீசுகிறவர் அல்ல. இரண்டும் ஒரே நீளம், ஒரே புரி, ஒரே பித்தளை. காரியதரிசி பழையதன் நடு ஊசியை நகத்தால் அமத்தினார், பட்டென்று இறங்கியது. லொறி வாலின் ஊசிக்குப் பெருவிரலைக் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது. காரணம் உள்ளே இருக்கும் சுருள்கம்பி. ரியூப்புக்கு அது கடினமாக இருக்க வேண்டும். நாடி பார்க்கும் சாமானில் அது மெதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிசின் தள்ளுகிற காற்றில் ஒரு பங்கு அந்தக் கம்பியைத் திறக்கவே செலவாகி, மிச்சம்தான் ஊசிக்குப் போகும். ஏறிய ஊசி விழாது. ஆனால் ஏற வேண்டிய இடம் வரை ஏறவும் ஏறாது. விழுகிற பிழையைத் திருத்தி ஏறாத பிழையை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். விழுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஏறாதது தெரியவில்லை.

பழைய வாலில் சிக்கியிருந்தது ஒரு மணற்பருக்கைதான். பெற்றோலில் கழுவிப் போட்டார்கள். வாத்தியாரின் பச்சை தொண்ணூற்றைந்து காட்டியது. சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் எங்கள் சிவப்புக்குப் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு. தேவையில்லாமல் போட்ட புது றிங்கின் புண்ணியம். ஊரிலேயே அதுதான் கூட. அம்மா அன்று கீரை ஆயப் பல தடவை வேலிக்குப் போனார். சின்னம்மா நீலத்தின் முன்னால் குந்தியிருந்து சித்தப்பாவிடம் சொல்வது கேட்டது. "நாங்களும் றிங் மாத்துவம்."

நெடுங்கேணிக்குத் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். ரெஸ்ரரில்தான் பழுது, மிசின் தொண்ணூற்றெட்டு, வேண்டுமென்றால் வந்து பார்க்கட்டும். தரகர் போய்த் திரும்பினார். "சந்தோசமாம். மறுமொழி சொல்லி அனுப்புவினமாம்."

மிளகாய் பழுத்தது. பிடுங்கினோம், பாயில் பரப்பிக் காயவிட்டோம், சாக்கில் கட்டினோம். மாரி வந்தது. அக்கா ஒவ்வொரு சைக்கிள் மணிக்கும் தலையைக் கோதினாள். பிறகு எல்லா மணிக்கும் கோதுவதில்லை. பிறகு ஒன்றுக்கும் இல்லை.

அண்மையில் நான் அக்காவிடம் போயிருந்தபோது அந்தக் காலத்துக் கதை வந்தது. அவளிடம் இருந்த சிவப்பு மிசினை நான் எவ்வளவு ஆசையோடும் எரிச்சலோடும் பார்த்தேன் என்று சொன்னேன். அக்கா சிரித்தாள்.

"நீ வெள்ளைச் சட்டையோட புத்தகம் தூக்கிக்கொண்டு ஒழுங்கையால போவாய். நான் உன்னைப் பாத்துப் பாத்துத்தான் கயிறை இழுக்கிறனான். அந்த எரிச்சலிலதான் ஒரே இழுவையில எழும்பினது. ஊரெல்லாம் மிசின் நல்லதெண்டு நினைச்சுது."

அந்த எரிச்சலை அளக்க ஒரு ரெஸ்ரரும் அந்த நாளில் இருக்கவில்லை.

மாடுகளை விற்றுத்தான் மிசின் வாங்கியிருந்தோம். ஆகவே அந்த மாரிக்குப் பிறகு வந்த, மாடுகளுக்கான பட்டிப்பொங்கலன்று அப்பா மிசினுக்கே திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, செவ்வரத்தம்பூ மாலை போட்டார். தோட்டத்தில் வெங்காயம் முளைத்திருந்தது, இறைக்க வேண்டும், அக்கா கிணற்றடியில் நின்றாள். தரகரின் சைக்கிள் படலைக்குள் வந்தது.

"மறுமொழி வந்திட்டுது" என்றார்.

அம்மா கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். வேலிக்கு மேலால் சின்னம்மாவின் தலை வந்தது. அன்றைக்கு அது ஆவலாகத்தான் பார்த்தது, எனக்கு நிச்சயம்.

தரகர் தொண்டையைச் செருமினார். "பெடியனுக்கு அங்கயே ஒரு இடத்தில சரிவந்திட்டுதாம். பொம்பிளை பகுதி ட்ராக்ரர் குடுக்கினமாம். ஆனா அவையிட்ட இறைக்கிற மிசின் இல்லை. அதுதான், உங்கட சிவப்பை விலைக்குத் தருவியளோ எண்டு கேட்டு விட்டவை. நாடி திறம் எண்டு கேள்விப்பட்டவையாம்."

அக்கா குனிந்து மாலையைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். சில்லில் கயிற்றைச் சுற்றினாள். முடிச்சைப் பெருவிரலால் அமத்திப் பிடித்தாள். ஒரே இழுவை.

தரகரின் வாய் அதற்குப் பிறகும் அசைந்துகொண்டிருந்தது. அப்பா காதில் கையை வைத்து, "என்ன சொன்னனீங்கள், கேக்கேல்ல" என்று கேட்டார். தரகர் திரும்பவும் சொன்னார். அப்பா திரும்பவும் காதில் கையை வைத்தார். தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தது.

நெடுங்கேணியிலிருந்து மறுமொழி வந்து சேர்ந்த நாள்: எண்பதாம் ஆண்டு, தை மாதம், பட்டிப்பொங்கல்.